ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கு மறுபடியும் எதற்கு டெட்டனஸ் ஊசி?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் வந்து, பெரும்பாடு பட்டுப் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டெட்டனஸ் தடுப்பூசி போட்டார்கள். அம்மை மாதிரி, ஒருமுறை வந்துவிட்டால் உடம்பே எதிர்ப்பைப் பழகிக்கொள்ளாதா?

இதையே என் மாமா என்னிடம் கேட்டார். எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ். நான் லேப் டெக்னீஷியன். தோப்பில் மட்டை இழுக்கும்போது ஒரு சிம்பு மாமாவின் பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். ரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போனால் தாடை திறக்கவில்லை. கோயம்புத்தூரில் ஐந்து வாரம் கிடந்தார், அதில் மூன்று வாரம் வென்டிலேட்டரில். கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளையும். கிளம்பும் நாளில் நர்ஸ் ஊசியோடு வந்ததும், "ஏங் கண்ணு, அதுதான் வந்துட்டுப் போயிருச்சல்ல, இன்னும் எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் நச்சின் அளவில் இருக்கிறது.

டெட்டனஸ் கிருமி காயத்தை விட்டு நகர்வதில்லை. காற்றுப் புகாத அந்த ஆழத்தில் இருந்துகொண்டு அது விடும் நச்சு, நரம்பைப் பிடித்துத் தண்டுவடம் வரை ஏறி, 'தசையே, தளர்ந்துகொள்' என்று சொல்லும் வேதிப்பொருள் வெளிவராமல் அடைத்துவிடுகிறது. ஆளைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2.5 நானோகிராம் போதும். 60 கிலோ ஆளுக்கு 150 நானோகிராம். பொடி உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்து நூறு கூறு போட்டால் வரும் ஒரு கூறைவிடக் குறைவு. எதிர்ப்பு அணுக்கள் ஒரு பொருளை அடையாளம் கண்டு, அதைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்ய வேண்டுமென்றால், அது போதிய அளவில் அவற்றின் கண்ணில் பட வேண்டும். இந்த நச்சோ கண்ணில் படும் அளவுக்குச் சேருவதற்குள் ஆளையே முடித்துவிடும். அதனால்தான் பிழைத்து வந்தவர் உடம்பிலும் நம்பத்தக்க எதிர்ப்பு இருப்பதில்லை.

உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலின் கொடுத்திருப்பார்கள். அது வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, இரவல் சரக்கு. 1890இல் பெர்லினில் பெரிங், கிட்டசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் விலங்குகளில் காட்டிய வழிதான். சில வாரங்களில் கரைந்து போய்விடும். தடுப்பூசியில் இருப்பது வேறு. நச்சை ஃபார்மலினில் போட்டு, மிதமான சூட்டில் வைத்து, கொல்லும் குணத்தை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். எங்கள் லேபில் திசுத் துண்டுகளைப் போட்டு வைக்கும் அதே ஃபார்மலின்தான்! 1920களில் பிரான்சில் ரமோன் என்ற விஞ்ஞானி செய்த வேலை அது. இப்படிப் பல்லைப் பிடுங்கியதால், நிஜ நச்சாக இருந்தால் உயிரை எடுத்துவிடும் அளவைத் தைரியமாக உள்ளே செலுத்த முடிகிறது. எதிர்ப்பு அணுக்கள் அப்போதுதான் நிதானமாகப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன.

எல்லா நச்சும் இப்படி ஒளிந்தே தப்பிப்பதில்லை. கக்குவான் இருமல் கிருமியின் நச்சு, லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு அணுக்களை ரத்தத்தை விட்டு நெறிக்கட்டிக்குள் போகவிடாமல் தடுக்கிறது. அந்தக் குழந்தைகளின் ரத்தத்தை எண்ணும்போது லிம்போசைட் எகிறி இருக்கும். பார்த்தால் பெரும்படை, ஆனால் போர் நடக்கும் இடத்துக்குப் போக முடியாமல் வழியில் நிற்கும் படை. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு சிலவற்றின் வேலை இதற்கு நேர்மாறு. சாதாரணமாக ஒரு கிருமிப் பொருளுக்குப் டி அணு என்ற லிம்போசைட் வகையில் பத்தாயிரத்தில் ஒன்றுகூட விழிக்காது. இந்த நச்சு குறுக்கு வழியில் கொக்கி மாட்டி, ஐந்தில் ஒரு பங்கு டி அணுக்கள் வரை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அத்தனையும் சேர்ந்து கொட்டும் வேதிப்பொருளில் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் அபாயத்துக்குப் போய்விடுவார். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகும் பலருக்கு அந்த நச்சுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாவதில்லை, அதே நோய் திரும்பவும் வருகிறது. முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

தொண்டை அடைப்பானும் (டிஃப்தீரியா) டெட்டனஸ் மாதிரிதான், குணமானாலும் ஊசி போட வேண்டும். இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் 'டி.டி.' (Td) என்று போடுவதில் இரண்டுக்குமே மருந்து இருக்கிறது. பழைய டி.டி.யில் (TT) டெட்டனஸுக்கு மட்டும்தான் இருந்தது. பேர் ஒரே மாதிரி ஒலிப்பதால் எங்கள் ஊரில் பலருக்கு அது மாறியதே தெரியாது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளாதவர் என்றால் அன்று போட்ட ஒன்று போதாது. சுமார் ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் மூன்றாவது. டிஸ்சார்ஜ் தாளில் தேதி எழுதியிருக்கிறதா பாருங்கள். மாமாவின் தாளில் இல்லை, நான் கேட்டுத்தான் எழுதி வாங்கினேன்.