கணவருக்கு ஒரகடத்தில் வேலை: எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி: திருச்சியில் கடன் முடிந்த சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் மாதம் 68,000 ரூபாய் வாங்குகிறார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் 95,000 சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கம்பெனி பஸ் உண்டு. நான் தனியார் மருத்துவமனையில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 7 வருடமாக இருக்கிறேன், சம்பளம் 28,000. மகள் மூன்றாம் வகுப்பு. படப்பையில் 9,000, கூடுவாஞ்சேரியில் 14,000, தாம்பரத்தில் 20,000 வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். தொழிற்சாலைக்குப் பக்கம், வாடகையும் குறைவு என்று கணவர் படப்பையைச் சொல்கிறார். ‘உன் வேலையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். சிங்கப்பெருமாள் கோவிலில் ஃப்ளாட் வாங்கிவிடலாமா என்ற பேச்சும் ஓடுகிறது. எது சரி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். இந்தக் கணக்கின் முக்கியமான பகுதியே அதுதான்.

இன்று இருவருக்குமாக வருவது 96,000 ரூபாய், வாடகைச் செலவு இல்லை. சென்னைப் பக்கம் போன பிறகு அவர் சம்பளம் 95,000. திருச்சி வீட்டை 12,000-க்கு வாடகைக்கு விட்டால் மொத்தம் 1,07,000. படப்பை என்றால் வாடகை போக 98,000 நிற்கும், கூடுவாஞ்சேரி என்றால் 93,000, தாம்பரம் என்றால் 87,000. ஆக, அவருக்குக் கூடும் 27,000-ஐ நீங்கள் விடும் 28,000 அப்படியே விழுங்கிவிடுகிறது. நீங்கள் வேலைக்குப் போகாதவரை இந்த இடமாற்றத்தால் குடும்பத்துக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

அதனால் அவருடைய பயணத்தை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரைக் கூட்டிப்போகக் கம்பெனி பஸ் வருகிறது. உங்களுக்கு எது வரும்? படப்பையில் ரயில் நிலையம் கிடையாது, பஸ் பிடித்துத் தாம்பரம் மாதிரி ஒரு இடத்துக்கு வந்துதான் ரயில் ஏற வேண்டும். கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு - கடற்கரை மின்சார ரயில் பாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் பொத்தேரியில் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மறுபக்கம் தாம்பரம், குரோம்பேட்டை, கிண்டி. மருத்துவமனைக் கணக்கு தெரிந்த ஒருவருக்கு வேலை இருக்கும் பாதை இது. சீசன் டிக்கெட்டும் கையைக் கடிக்காது.

படப்பைக்கும் கூடுவாஞ்சேரிக்கும் வாடகை வித்தியாசம் வருடத்துக்கு 60,000. உங்கள் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். ரயில் பாதையில் இருப்பதால் உங்களுக்கு வேலை மூன்று மாதம் முன்னதாகக் கிடைத்தால் போதும், ஒரு வருட வித்தியாசமும் ஈடாகிவிடும். என் ஓட்டு கூடுவாஞ்சேரிக்கு. தாம்பரத்துக்கு இன்னொரு 6,000 கொடுக்க இப்போது காரணம் தெரியவில்லை. உங்களுக்கு வேலை கிண்டிப் பக்கம் அமைந்தால் அப்புறம் யோசிக்கலாம். திருச்சியில் பெரியவர்கள் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்திலேயே.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பெனி பஸ் கூடுவாஞ்சேரிக்கு வருகிறதா, எந்த நிறுத்தத்தில், எல்லா ஷிஃப்டுக்கும் உண்டா என்று அவர் மனிதவளப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். இரவு ஷிஃப்டுக்கு பஸ் இல்லை என்றால் பைக் பெட்ரோலும், நடுராத்திரி நெடுஞ்சாலைப் பயணமும் கணக்கில் சேரும்.

வீடு பார்க்கும்போது மழையை மறக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்தப் பக்கம் ஒரு நண்பருக்காக நான் பார்த்த தரைத்தள வீட்டில் புதுப் பெயின்ட் மணந்தது. ஆனால் ப்ளக் பாயின்ட் எல்லாம் தோள் உயரத்தில் இருந்தன, வாசலில் ஈ.பி. மீட்டரை அதற்கும் மேலே ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை, சுவர் சொல்லிவிட்டது. நீங்கள் எந்த ஊரில் பார்த்தாலும் தெருமுனைப் பெட்டிக்கடையில் ‘மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு’ என்று கேளுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா என்றும் பாருங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். வீட்டுக்காரரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அது பெரும்பாலும் போய்விடும்.

அட்வான்ஸ் விஷயத்தில் பேரம் பேசுங்கள். 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போட்டபின் பேசிப் பயனில்லை. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், சாமான் லாரி, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரே மாதத்தில் வரும். 2 லட்சம் ரூபாயாவது சேமிப்புக் கணக்கில் தனியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஃப்ளாட் இப்போது வேண்டாம். 50 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை மாதம் சுமார் 43,400 ரூபாய். ஒரு சம்பளத்தில் அதைக் கட்டுவது கழுத்தை நெரிக்கும். கைமாறிய வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய் போகும். இரண்டு வருடத்தில் அவர் வேலை மாறினால் அந்தப் பணம் திரும்பி வராது. திருச்சி வீட்டையும் விற்காதீர்கள். இந்த வேலை ஒத்துவராமல் போனால் திரும்பிப் போக அதுதான் இடம்.

நீங்கள் கேட்காத ஒன்று. வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்து லாரிச் செலவுக்குப் போடத் தோன்றும். வேண்டாம். பி.எஃப். கணக்கோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருட சேவை முடிந்தால்தான் மாதாந்திர ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். உங்களுக்கு 7 முடிந்திருக்கிறது. ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அந்த ஏழும் கணக்கிலிருந்து போய்விடும். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணைப் பத்திரமாக வைத்திருந்து, புது வேலையில் அதே எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வேலைக்கான விண்ணப்பங்களைத் திருச்சியிலிருந்தே, இந்த வாரமே அனுப்பத் தொடங்குங்கள்.

வீட்டை முடிவு செய்வதற்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலைநாளில் போய்வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மாலை ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கூடுவாஞ்சேரியில் இறங்கி, அந்த வீடு வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நடக்க எத்தனை நிமிடம், நீங்கள் வரும்வரை பிள்ளை யாரிடம் இருப்பாள் என்பதெல்லாம் அந்த நடையிலேயே தெரிந்துவிடும்.