தூண்டில் கைப்பிடி கடைய ஒரு சின்ன லேத்: துளை முதலில், வடிவம் பிறகு

கேள்வி: உப்பங்கழியில் கொடுவா பிடிக்கப் போகிறவன் நான். ஏழடி ஸ்பின்னிங் பிளாங்க் (கைப்பிடி எதுவும் மாட்டாத வெறும் தூண்டில் கம்பு) வாங்கி, எனக்கும் நண்பர்களுக்கும் கார்க்கிலும் மரத்திலும் கைப்பிடி செய்ய ஆசை. கை டிரில்லை மேசையில் இறுக்கிச் சுற்றவிட்டுப் பார்த்தேன். கார்க் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வருகிறது. மரத்தில் போட்ட துளையும் கோணிக்கொள்கிறது. வீட்டின் பின்னறையில் வைக்க எந்த அளவு மர லேத் (மரம் கடையும் எந்திரம்) வாங்கலாம்? அதை எப்படி அமைப்பது? – புதுச்சேரி வாசகர்

பதில்: டிரில் ஒரு முனையை மட்டுமே பிடிக்கிறது, மறுமுனை காற்றில் ஆடுகிறது. சக்கில் (இறுக்கிப் பிடிக்கும் தாடையில்) மயிரிழை ஆட்டம் இருந்தாலும் 20 செ.மீ. தள்ளி அது கண்ணுக்குத் தெரியும் கோணலாகிவிடும். லேத்தில் டெயில்ஸ்டாக் என்ற பின்பகுதி அந்த மறுமுனையைத் தாங்குகிறது. லேத் வாங்கச் சொல்ல எனக்கு இருக்கும் முதல் காரணம் இதுதான். பளபளப்பும் வேகமும் பிறகுதான்.

கைப்பிடி வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நடுத்துளை. வெளிவடிவத்தை அழகாகக் கடைந்துவிட்டுப் பிறகு துளை போட்டால், பிட் (துளையிடும் அலகு) மரத்தின் ரேகையோடு விலகிப்போகும், உழைப்பு வீண். முதலில் துளை, பிறகு அந்தத் துளையையே அச்சாக வைத்து வெளிப்பக்கத்தைக் கடைவது. இந்த வரிசை மாறவே கூடாது. லேத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதற்கு ஏற்றபடிதான்.

கைப்பிடியின் விட்டம் 30 மி.மீ. அளவுதான். ஆகவே எத்தனை அங்குல விட்டம் கடையலாம் என்று பெருமையாகப் போடுவார்களே, அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நீளத்துக்குக் கொடுங்கள். 15 செ.மீ. மரத்தைத் துளைக்க வேண்டுமானால் மரத்தைப் பிடிக்கும் சக், மரம், அதே நீளத்துக்கு வெளியே நீட்டிய பிட், பிட்டைப் பிடிக்கும் டிரில் சக் என்று நாலும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இதற்கே 45 செ.மீ. கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். எனவே இரு முனைகளுக்கிடையே 45 செ.மீ. உள்ள மினி லேத் உங்களுக்குச் சரி. அரை எச்.பி. மோட்டார் தாராளம். குறைந்த வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். துளைபோட அது வேண்டும். முன்பகுதி, பின்பகுதி இரண்டிலும் துணைக்கருவி செருகும் சரிவுத் துளை மோர்ஸ் டேப்பர் 2 என்ற அளவில் இருந்தால் துணைக்கருவிகள் சுலபமாகக் கிடைக்கும். ஸ்பிண்டிலின் (சுழலும் தண்டின்) மரை அளவைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே சக் வாங்குங்கள். அமெரிக்க அளவில் வரும் மினி லேத்துகளில் பெரும்பாலும் 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை. ஐரோப்பிய அளவில் எம்33 (33 மி.மீ. விட்டம்). ஒன்று மற்றதில் ஏறாது. ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து கட்டிய மலிவு லேத்துகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெல்டிங் சூட்டில் படுகை (லேத்தின் அடித்தளம்) முறுக்கிக்கொண்டால் இரு முனைகளும் நேர்கோட்டில் நிற்காது.

லேத் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. ஹெட்ஸ்டாக்கில் (மோட்டார் சுழற்றும் முன்பகுதியில்) ஒரு கூர்முனை, டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை மாட்டி, இரண்டையும் கிட்டக் கொண்டுவாருங்கள். ஊசிமுனைகள் இரண்டும் தொட வேண்டும். டெயில்ஸ்டாக்கின் குழலை முழுக்க நீட்டியும் ஒருமுறை பாருங்கள். மேல்கீழாக விலகினால், தாழ்ந்து நிற்கும் பகுதிக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு கொடுத்துச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் விலகினால் ஹெட்ஸ்டாக்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, திருப்பி இறுக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத லேத்தில் துளை நேராக வரவே வராது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மேசை கனமாக இருக்கட்டும். ஸ்பிண்டிலின் மையம் உங்கள் முழங்கை உயரத்தில் வர வேண்டும். லேத்தைப் போல்ட் போட்டு இறுக்கி, மேசையின் கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டைகளை வைத்தால் அதிர்வு அடங்கும். எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் இணையுங்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றில் படுகை சீக்கிரம் துருப்பிடிக்கும்; வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி கார்க். வளையங்கள் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குல விட்டம், அரை அங்குலத் தடிமன், நடுவில் கால் அங்குலத் துளையோடு வரும். 20 செ.மீ. கைப்பிடிக்கு 16 வளையம் வேண்டும். 6 மி.மீ. மரைக்கம்பியில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்து, வளையங்களை ஒவ்வொன்றாகப் பசை தடவிக் கோத்து, இரு பக்கமும் வாஷரும் நட்டும் போடுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸியோ பெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் பசையோ போதும். நட்டை மிதமாக இறுக்குங்கள். அதிகம் போனால் பசை எல்லாம் பிதுங்கி வெளியே வந்து, இணைப்பு வறண்டுவிடும். 24 மணி நேரம் கழித்துக் கம்பியை முறுக்கி உருவிவிடலாம்.

அதே மரைக்கம்பியிலேயே கடையப் பலரும் முயல்வார்கள். 6 மி.மீ. கம்பி 20 செ.மீ. நீளத்தில் வில்லாக வளையும். டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் அதிகம் இறுக்கினாலே வளைவு வந்துவிடும். உங்கள் கார்க் ஒரு பக்கம் தடித்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். வெர்னியரால் கைப்பிடி வரும் இடத்தில் பிளாங்கின் மெலிந்த முனையை அளந்து பாருங்கள். அது 11 மி.மீ. என்றால், கார்க்கின் துளையை 10 மி.மீ. ஆக்கி, 10 மி.மீ. பிரைட் பார் (வழவழப்பான நேர் இரும்பு) கம்பியில் ஏற்றுங்கள். அதைவிட மெலிது என்றால் 8 மி.மீ. எடுங்கள். கம்பியைக் கண்ணாடிமேல் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். ஒரு முனையில் சென்டர் துளை போட்டுத் தர எந்த லேத் பட்டறையிலும் சொல்லலாம். கார்க் வழுக்கிச் சுழன்றால் கம்பியில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் போதும்.

கார்க்கில் உளி வைக்காதீர்கள். துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு வரும். 800 முதல் 1000 சுற்றில், மரக்கட்டையில் ஒட்டிய 80 நம்பர் உப்புத்தாள்தான் இங்கே உளி. கட்டை அவசியம். வெறுங்கையில் தாளைப் பிடித்தால் மெத்தென்ற கார்க் தேய்ந்து, கெட்டியான பசைக்கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். வடிவம் வந்ததும் 120, 220, 320 என்று போங்கள். குழிகளில் கார்க் தூளும் அதே பசையும் கலந்து அடைத்து, காய்ந்த பின் 320 தாளால் மீண்டும் தேயுங்கள். அட்டையில் வெட்டிய வடிவ மாதிரி ஒன்று கையில் இருந்தால் நண்பர்களுக்குச் செய்யும் கைப்பிடிகளும் ஒரே மாதிரி வரும். அளப்பது எப்போதும் லேத் நின்ற பிறகு.

முழுக் கைப்பிடியையும் மரத்தில் செய்வதை நான் விரும்பவில்லை. தேக்கின் எடை கார்க்கைப் போல் மூன்று மடங்குக்கு மேல்; ஈரக்கையில் வழுக்கவும் செய்யும். ரீல் சீட்டின் (ரீல் மாட்டும் இடத்தின்) உட்பகுதி, அடிமுனை, கார்க்குக்கு நடுவே ஓரிரண்டு வளையம், இவ்வளவுக்கு மரம் அழகு. நன்கு உலர்ந்த தேக்கோ பூவரசோ எடுத்து, ஓரளவு உருளையாக்கி, சக்கில் பிடித்து, சென்டர் டிரில்லால் தொடக்கக் குழி போட்டு, 500 சுற்றில் துளையுங்கள். ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். தூள் அடைத்த பிட்தான் கோணலாக ஓடும். பிறகு இரு கூம்பு சென்டர்களுக்கு (கூம்பு வடிவ முனைகளுக்கு) நடுவே துளையை மாட்டி, 1500 முதல் 2000 சுற்றில் வெளிப்பக்கத்தைக் கடையுங்கள். கடைசல் பொம்மைகளுக்குப் போடும் அரக்குப் பூச்சு இங்கே வேண்டாம், ஈரம் பட்டால் வெளுக்கும். மெல்லிய எபாக்ஸி அல்லது பாலியூரிதேன் பூசுங்கள். துளைக்குள்ளும் பூச மறக்காதீர்கள், தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை சில உண்டு. கையுறை, லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் லேத் பக்கம் ஆகாது. முகக்கவசம் போடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது டூல் ரெஸ்ட்டை (உளியைத் தாங்கும் சட்டத்தை) கழற்றிவிடுங்கள். தாளை விரலில் சுற்றாதீர்கள். சுவிட்சைத் தொடுமுன் வேலையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கார்க் தூளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்: பூஞ்சை பிடித்த கார்க்கின் தூளை வருடக்கணக்கில் சுவாசித்த ஆலைத் தொழிலாளிகளுக்கு சூபெரோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்திருக்கிறது. என்95 முகமூடி கட்டாயம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

கடைசியாகத் துளையைப் பிளாங்கின் சரிவுக்கு ஏற்ப விரிப்பது. இது கைவேலை, லேத் வேண்டாம். உடைந்த ராடின் அடித்துண்டில் 60 நம்பர் தாளைக் கீற்றாக வெட்டிச் சுருளாக ஒட்டினால் துளையை விரிக்க நல்ல ரீமர் தயார். கைப்பிடியை ராடின் நுனிவழியே இறக்குவோம் என்பதால் அடிப்பக்கத் துளை பெரிதாக இருக்க வேண்டும். ரீமரை அந்தப் பக்கமிருந்தே நுழையுங்கள். முன்னரே 10 மி.மீ. நேர்த்துளை இருப்பதால் தேய்த்தெடுக்க வேண்டியது கொஞ்சம்தான், கோணுவதற்கு இடமில்லை. அடிக்கடி பிளாங்கில் போட்டுப் பாருங்கள். நிற்க வேண்டிய இடத்துக்கு 2 செ.மீ. முன்னே இறுகினால் அங்கே நிறுத்தி, மீதியை நாலைந்து திருப்பாகப் பிரித்து எடுங்கள். பசை போடாமலே கைப்பிடி ஆடாமல் நிற்கும்போது எபாக்ஸியைக் கலக்கலாம்.