மும்பையில் தரைத்தளத்தில் இயங்கும் ஒரு தமிழ் மன்ற நூலகத்தைப் பேரிடரிலிருந்து காப்பது எப்படி?

சயான் பக்கம் தரைத்தளத்தில் இருக்கும் உங்கள் மன்றத்தின் நூலகத்துக்குத் தீயணைப்பான் வாங்கியாயிற்று, குறைந்த செலவில் இன்னும் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நகரில் ஓர் ஆவணக் காப்பகத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்குவதைவிட, எதை முதலில் தூக்கிக்கொண்டு வெளியேறுவது என்பதை இப்போதே முடிவு செய்து எழுதி வைப்பதே முக்கியம்.

அச்சில் இருக்கும் நாவல்களையும் உரைநூல்களையும் பணம் கொடுத்து மீண்டும் வாங்கிவிடலாம். மன்றத்தின் மினிட்ஸ் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, நாடகம் போட்ட காலத்துப் புகைப்படங்கள், சில நூறு பிரதிகளோடு நின்றுபோன ஆண்டு விழா மலர்கள் ஆகியவை வேறெங்கும் கிடைக்கமாட்டா. ஆனால் பெரும்பாலான மன்றங்களில் மினிட்ஸ் புத்தகங்கள்தாம் பீரோவின் அடித்தட்டில், பழைய ரசீதுக் கட்டுகளுக்குக் கீழே கிடக்கின்றன. அவற்றை ஒருவரே தூக்கக்கூடிய பெட்டிகளில் போட்டு, சிவப்பு நாடா ஒட்டி, மேல்தட்டில் வையுங்கள். மற்ற நூல்களின் அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது, அப்படிப்பட்ட நாளில் அந்த உயரம் எதற்கும் காணாது என்பதால்தான் மேல்தட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தீ விபத்தும் கடைசியில் தண்ணீர்ச் சேதமாகத்தான் முடியும். 2004 செப்டம்பரில் ஜெர்மனியின் வைமார் நகரிலுள்ள அன்னா அமாலியா நூலகம் எரிந்தபோது சுமார் 50,000 நூல்கள் அழிந்தன. மேலும் 62,000 நூல்கள் வெப்பத்தாலும் தீயை அணைக்க ஊற்றிய நீராலும் சேதமடைந்தன. நனைந்த நூல்களை உடனே உறைய வைத்ததால்தான் அவற்றைப் பிறகு நிதானமாக உலர்த்திச் சீர்செய்ய முடிந்தது.

நனைந்த தாளில் இரண்டு மூன்று நாள்களில் பூஞ்சை பிடித்துவிடும். மும்பையின் ஈரக்காற்றில் அதற்கும் முன்பே பிடிக்கலாம். அதற்காக அவசரப்பட்டு, மூடியிருக்கும் நனைந்த நூலைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, வெயிலிலும் போடக் கூடாது. ஓரம் மட்டும் ஈரமான நூல்களை நிமிர்த்தி, இதழ்களைச் சற்று விரித்து, மின்விசிறிக் காற்றில் வைக்கலாம். முழுக்க நனைந்தவற்றை பட்டர் பேப்பரில் சுற்றி, முதுகுப்புறம் கீழாக ஒரே வரிசையில் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். விழா மலர்களுக்கு அவசரம் அதிகம்; வழவழப்பான ஆர்ட் பேப்பர் அப்படியே காய்ந்தால் பக்கங்கள் செங்கல்போல ஒட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களையும் காயவிடாமல், குளிர்ந்த சுத்தமான நீரில் போட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும். இவற்றையெல்லாம் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு என்பதால் கையுறையும் கம்பூட்டும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் அருங்காட்சியகங்களுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அது பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது. உங்கள் செயற்குழு அதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. அதைவிட, மீனோ ஐஸ்கிரீமோ வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் உரிமையாளரிடம் மே மாதத்துக்குள் பேசி, அவசரத்துக்குச் சில கிரேட்டுகள் வைக்க இடம் கேட்டு வைப்பது பயன் தரும். மீனுக்கு அருகில் தாள் வைப்பது அவருக்கும் உங்களுக்கும் விநோதமாகத் தோன்றலாம், ஆனால் உறையிட்டுக் கட்டிய நூலுக்கு அதனால் கேடில்லை. அவருடைய எண், சாவி வைத்திருப்பவர்களின் எண்கள், முன்னுரிமைப் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, செயலாளர் வீட்டில் ஒன்றும் வாட்ச்மேனிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிடுங்கள். மினிட்ஸ் புத்தகங்களை ஸ்கேன் செய்தால் அந்த ஹார்ட் டிஸ்கை அதே பீரோவில் பூட்டி வைக்காமல், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு படியைத் திருநெல்வேலியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.