ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ்: தாது நிரம்பியதும் கப்பல் மேலே எழவில்லை

விண்கலம் கட்டும் இந்தக் கணினி விளையாட்டில், கீழ்நோக்கி ஊதும் அட்மாஸ்பியரிக் த்ரஸ்டர்களை (காற்று இருக்கும் இடத்தில் மட்டும் ஓடும் உந்திகள்) மட்டும் கூடுதலாக வையுங்கள். பக்கவாட்டில் இருப்பதே போதும்.

காலியாக ஜம்மென்று பறந்து, கார்கோ நிரம்பியதும் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது என்கிறீர்கள். காலி எடைக்குக் கணக்குப் போட்டிருப்பீர்கள். எல்லாரும் ஒருமுறை செய்வதுதான்.

1. சுமையோடு காக்பிட்டில் உட்கார்ந்து திரையில் காட்டும் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பூமி மாதிரிக் கோள் என்றால் அதை 9.81ஆல் பெருக்குங்கள்; கீழ்நோக்கி ஊதும் த்ரஸ்டர்கள் எல்லாம் சேர்ந்து தர வேண்டிய விசை நியூட்டனில் வரும். 60,000 கிலோவுக்கு ஏறத்தாழ 589 கிலோநியூட்டன். அது வெறுமனே மிதக்க மட்டும். மேலே ஏற இன்னும் கால் பங்காவது வேண்டும்.

அப்புறம், இதே கப்பலை நிலாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே காற்று இல்லை, அட்மாஸ்பியரிக் வேலை செய்யாது. ஹைட்ரஜன் த்ரஸ்டர் எங்கும் ஓடும், ஆனால் டேங்க் காலியானால் விழ வேண்டியதுதான்.