வாசகர் கேள்வி – பதில்: எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை

நல்ல அறிவிருந்தும் வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் சிரமமாகும் குறைபாடான டிஸ்லெக்ஸியா பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகன் மூன்றாம் தரம். கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்தெழுத்தாகத் திணறுகிறான். ல, ள மாற்றி எழுதுகிறான். ‘வளர வளரச் சரியாகும்’ என்கிறார் ஆசிரியை. இது டிஸ்லெக்ஸியாவா? – ஒரு தாய், உப்புவெளி

ல, ள குழப்பத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அம்மா. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மாறுவது நன்றாக வாசிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளிலும் நிறைய உண்டு. கவனிக்க வேண்டியவை வேறு. ‘பாடசாலை’ ‘பாசாலை’ ஆகி நடு எழுத்து விழுகிறதா? மெய்யெழுத்தின் புள்ளி அடிக்கடி விடுபடுகிறதா? கி-கீ, கெ-கே வேறுபாடு பிடிபடவில்லையா? ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறானா? கொம்பு எழுத்துகள் தனிச் சிரமம் தரும். ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ ‘க்’. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் ஆங்கிலத்தைவிட மிக ஒழுங்கானது. அதனால் தமிழ் வாசிக்கும் பிள்ளையிடம் இந்தக் குறைபாடு பிழைகளைவிட வேகக் குறைவாகவே வெளிப்படும். சரியாகத்தான் வாசிப்பான்; ஆனால் வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். வகுப்பில் பலர் கண்ணில் படாமல் போவது இப்படித்தான்.

நீங்கள் எழுதியதில் முக்கியமானது, கேட்டால் விளங்குவது வாசித்தால் விளங்காமல் போவது. அதை வீட்டிலேயே பார்க்கலாம். அவன் முன்பு கண்டிராத, ஒரே அளவு கடினமான இரண்டு பந்திகளை எடுங்கள். ஒன்றை நீங்கள் வாசித்து ஐந்து கேள்வி கேளுங்கள். மற்றதை அவன் வாசிக்கட்டும், அதிலும் ஐந்து கேட்டு, இரண்டு விடைத்தொகுதிகளையும் ஒப்பிடுங்கள்.

பிறகு தாளை மூடிவிட்டு வாயால் கேளுங்கள்: ‘கடல்’ என்பதில் ‘க’வை எடுத்தால் என்ன மிஞ்சும்? ம-யி-ல் சேர்த்தால் என்ன சொல்? ‘கல்’லில் ‘க்’ ஒலிக்குப் பதில் ‘ப்’ வைத்தால்? இதில் தடுமாறினால் சந்தேகம் வலுக்கிறது. டிஸ்லெக்ஸியாவின் வேர் பெரும்பாலும் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கையாள்வதில்தான் இருக்கிறது. உங்களுக்கோ கணவருக்கோ சிறுவயதில் வாசிப்புச் சிரமம் இருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும்.

ஆறு வயதென்றால் பொறுக்கலாம். எட்டு வயதில் பொறுத்திருப்பது தவறு. இவை எல்லாம் சந்தேகத்துக்கான காரணங்கள் மட்டுமே. முடிவைச் சொல்ல முறையான மதிப்பீடு வேண்டும்.

மகள் பாடசாலையில் தமிழும் ஆங்கிலமும், மத்ரஸாவில் அரபும் படிக்கிறாள். குர்ஆனைத் தடையின்றி ஓதுகிறாள், தமிழ் வாசிப்புத்தான் வருகுதில்லை. மூன்று மொழிகளின் எழுத்தைப் படிப்பதால் வந்த குழப்பமா? – ஒரு தந்தை, கிண்ணியா

பல மொழி படிப்பதால் டிஸ்லெக்ஸியா வராது. இருந்தால் பெரும்பாலும் எல்லா மொழியிலும் தெரியும், அளவுதான் வேறுபடும். பொதுவாக ஆங்கிலத்தில் அதிகம். ஓதுவது மனப்பாடமா, வாசிப்பா என்று பாருங்கள். இன்னும் பாடம் கொடுக்காத பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் புத்தகத்திலும் இதையே செய்யுங்கள். நினைவாற்றல் நல்ல பிள்ளைகள் இரண்டு முறை கேட்ட பாடத்தை ‘வாசித்து’ எல்லோரையும் நம்பவைத்துவிடுவார்கள். எந்தப் படிப்பையும் நிறுத்த வேண்டாம்.

35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? – ஓர் ஆசிரியை, மூதூர்

ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும், டீச்சர். முதலில் பிள்ளை பார்த்திராத, ஒரு தரம் கீழான பந்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். உங்கள் வகுப்பிலேயே இடைத்தரமாக வாசிக்கும் ஐந்தாறு பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வேறு நாட்டில் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டால் பிழையான முடிவு வரும்.

அடுத்து, பொருளில்லாத பத்துச் சொற்கள்: குமேடி, தொசிலை, பெலாணு போல. பழகிய சொல்லை உருவம் பார்த்தே சொல்லிவிடலாம். இவற்றை எழுத்துக் கூட்டினால்தான் வாசிக்க முடியும். பரிசோதனையில் எனக்கு மிகவும் நம்பிக்கையான பகுதி இதுதான். கடைசியாகப் பத்துச் சொல் சொல்வதெழுதல். மதிப்பெண் போட்டுவிட்டுத் தாளை எறிந்துவிடாமல், பிழைகளின் வகையைக் குறியுங்கள்.

பின்தங்கியவர்களின் வரவுப் பதிவேட்டையும் பாருங்கள். அடிக்கடி வராத பிள்ளை, அல்லது 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது எழுத்துப் பழகும் வயதில் இருந்த பிள்ளை, கற்பிக்கப்படாததால் வாசிக்காமல் இருக்கலாம். அதை டிஸ்லெக்ஸியாவிலிருந்து பிரித்தறியக் கற்பித்துத்தான் பார்க்க வேண்டும்: வாரம் நான்கு நாள், 20 நிமிடம், மூன்று நான்கு பேர் கொண்ட குழு. முழு உயிர்மெய் அட்டவணையையும் ஒப்புவிக்க வைக்காமல், க்+ஆ=கா என்று ஒலியைச் சேர்த்து, ஒரு தடவைக்கு நான்கைந்து எழுத்து; முந்தைய நாள் எழுத்துகளில் தொடங்குங்கள். வாரந்தோறும் ஒரு நிமிட வாசிப்பைக் குறியுங்கள். கற்பிக்கப்படாத பிள்ளை விரைவில் ஏறும். இப்படிக் கவனித்துக் கற்பித்தும் குறைந்தது ஆறு மாதம் சிரமம் நீடிப்பதை கற்றல் குறைபாட்டுக்கான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 வரையறையும் நிபந்தனையாக வைக்கிறது. ஆனால் ஆறு மாதம் முடியட்டும் என்று கண், காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

யாரிடம் காட்டுவது? அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? – நிலாவெளி

முதலில் கண்ணும் காதும். மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் தூரப் பார்வையோடு கிட்டப் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். காதுக்குள் நீர் தங்கினால் கேட்கும் திறன் ஒரு மாதம் கூடி ஒரு மாதம் குறையும். அதனால் ‘கூப்பிட்டால் திரும்புகிறாள்’ என்பதை நம்பாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பிறகு குழந்தை நல வைத்திய நிபுணர். அவர் உளவியலாளரிடமோ பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமோ அனுப்புவார். கொப்பிகளையும் ஆசிரியையின் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். பாடசாலைப் பக்கத்தில் வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு அதிபர் ஊடாக எழுதுங்கள்.

நல்ல அறிக்கையில் பொது அறிதிறன், ஒலி உணர்வு (சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கையாள்வது), செயல் நினைவு (கேட்டதைச் சற்று நேரம் மனதில் வைத்துக் கையாள்வது), படம் அல்லது இலக்கங்களின் பெயரை விரைந்து சொல்லும் வேகம், சொல் வாசிப்பு, பொருளில்லாச் சொல் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், விளங்கிக்கொள்ளல் ஆகியவை தனித்தனியாக இருக்கும். நுண்ணறிவு எண் (IQ) ஒன்றை மட்டும் எழுதி ‘டிஸ்லெக்ஸியா’ என்று முடித்திருந்தால் ஏற்காதீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் தமிழிலும் சோதிக்கக் கேளுங்கள். சிகிச்சை வழியைக் காட்டும் பகுதி, எந்த இடத்தில் வாசிப்பு உடைகிறது என்பதே.

நிறக் கண்ணாடி போட்டால் சரியாகுமா? – சம்பூர்

ஆகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் இணைந்து வெளியிட்ட அறிக்கை, நிறக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரமில்லை என்றது. அந்தப் பணத்தை வாசிப்புப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

மகனுக்கு மதிப்பீடு முடிந்து டிஸ்லெக்ஸியா என்று தெரிந்துவிட்டது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. என்ன செய்வது? – திருகோணமலை நகர்

பரீட்சைத் திணைக்களத்திடம் மேலதிக நேரம் போன்ற வசதிகளைக் கேட்க, வைத்திய அறிக்கையோடு அதிபர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அனுமதி அட்டை வந்தபின் கேட்டால் பிந்திவிடும். ரியூஷன் வகுப்புகளைக் கூட்ட வேண்டாம். நாளுக்கு 20 நிமிட வாசிப்பை வைத்துக்கொண்டு, கடந்தகால வினாத்தாள்களை நீங்களே வாசித்துக் காட்டி, விடையை அவன் வாயால் சொல்லட்டும். வினா விளங்குகிறதா, வாசிப்பில்தான் நிற்கிறதா என்பது அப்போதே தெரியும்.