கூலி இறங்கியது, உற்பத்தி ஏறியது: இந்த அட்டவணையை எப்படிப் படிப்பது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வருகிறேன். 1925-க்குப் பிறகு ஷிப்ட் கூலி இறங்குகிறது. ஓர் ஆளுக்கு ஒரு ஷிப்டில் கிடைக்கும் நிலக்கரியோ ஏறுகிறது. கூலியைக் குறைத்ததால்தான் உற்பத்தித்திறன் கூடியது என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வழிகாட்டி விட்டாலும் வாய்மொழித் தேர்வில் விடமாட்டார்கள்.

உங்கள் அட்டவணையில் வேலை நேரம் இல்லை. 1919-ல் சட்டப்படி ஷிப்ட் 7 மணி நேரமானது. 1926-ல் முதலாளிகள் தொழிலாளர்களை வெளியே நிறுத்திச் சுரங்கங்களைப் பூட்டிய கதவடைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலையில், அதை 8 மணி வரை நீட்டிக்க அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். 1925-ல் ஒரு ஷிப்டுக்குச் சுமார் 18 ஹண்ட்ரட்வெயிட் (20 சேர்ந்தால் 1 டன்), 1927-ல் 20.6. ஏற்றம் 14%. ஏழு எட்டானாலும் அதே 14%தான்! மணிக்கணக்கில் பார்த்தால் பெரிதாக எதுவும் கூடவில்லை. எல்லா வட்டாரங்களும் முழு 8 மணிக்குப் போகவில்லை, மோசமான சுரங்கங்கள் சில மூடப்பட்டன என்பதால் இதைத் துல்லியமான பொருத்தம் என்று கொள்ளாதீர்கள். ஆனால் திசை தெளிவு.

1930-களின் கதை வேறு. 1930 சட்டம் ஷிப்டை ஏழரை மணியாகக் குறைத்தது. அப்படியும் 1936-ல் 23.5 ஹண்ட்ரட்வெயிட் வந்தது. இது நிஜமான முன்னேற்றம். 1913-ல் மொத்த நிலக்கரியில் 8% அளவே இயந்திரத்தால் வெட்டப்பட்டது. 1938-ல் பாதிக்கும் மேல். இரண்டு ஏற்றங்களையும் ஒரே கோட்டில் வரைந்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

சரி, கூலி ஏன் இறங்கியது? 1921 ஒப்பந்தப்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் விற்பனை வருவாயில் மற்றச் செலவுகள் போக மிஞ்சியதைத்தான் கூலிக்கும் லாபத்துக்கும் பிரித்தார்கள். கீழே ஒரு குறைந்தபட்சக் கூலி மட்டும் உண்டு. ஆகவே விலை விழுந்தால் கூலியும் விழும். 1923-ல் ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூரைப் பிரான்ஸ் கைப்பற்றியபோது ஜெர்மன் நிலக்கரி தடைப்பட்டு பிரிட்டனுக்கு நல்ல ஏற்றுமதி கிடைத்தது. அது ஓய்ந்ததும், 1925 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாணயமான பவுண்டைப் போருக்கு முந்தைய மதிப்பிலேயே தங்கத்தோடு கட்டினார்கள். வெளிநாட்டுச் சந்தையில் பிரிட்டிஷ் நிலக்கரி இன்னும் விலை கூடியதாயிற்று. முதலாளிகள் சொன்ன மருந்து: கூலியைக் குறை, நேரத்தைக் கூட்டு. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஜே. குக் அந்த இரண்டையும் எதிர்த்துத்தான் முழக்கமிட்டார். கூலி குறைந்ததற்கு உழைப்பின் அளவு காரணமில்லை, விலைதான் காரணம்.

அப்புறம், ஷிப்ட் கூலியை வாழ்க்கைத் தரமாக எடுத்துக்கொள்ளும் தவறு. 1925-ல் ஏறக்குறைய பத்தரை ஷிலிங். 1933-ல் ஒன்பதுக்குச் சற்று மேல். சுமார் 13% இறக்கம். ஆனால் வாழ்க்கைச் செலவுக் குறியீடு (1914 ஜூலை = 100) அதே காலத்தில் 176-லிருந்து 140-க்கு, அதாவது 20% இறங்கியது. இதை மட்டும் பார்த்தால் தொழிலாளி முன்னேறிவிட்டார் என்றுகூட வாதிடலாம். சிலர் வாதிட்டும் இருக்கிறார்கள். எத்தனை ஷிப்ட் கிடைத்தது என்று கேட்டதும் அந்த வாதம் ஆடிப்போகும். பல சுரங்கங்கள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடின. மீதி நாளுக்கு வேலையின்மை உதவித்தொகை. 1932-ல் காப்பீடு பெற்ற சுரங்கத் தொழிலாளர்களில் மூவரில் ஒருவருக்கு வேலையில்லை. தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்களும் இதில் அடக்கம். 1920-ல் சுமார் 12.5 லட்சம் பேர் இருந்த தொழிலில் 1938-ல் 8 லட்சத்துக்கும் குறைவு.

தேசிய சராசரியை அப்படியே நம்பாதீர்கள். ஏற்றுமதியை நம்பிய தெற்கு வேல்ஸும் டர்ஹாமும் பட்ட அடி, உள்நாட்டுச் சந்தைக்கு விற்ற நாட்டிங்காம்ஷயருக்கு விழவில்லை. டர்ஹாமில் பலருக்கு வீடும் நிலக்கரியும் இலவசம். ரொக்கக் கூலியை மட்டும் ஒப்பிட்டால் அவர்கள் இருந்ததைவிட ஏழையாகத் தெரிவார்கள்.

1921, 1926 ஆண்டுகளை வரைபடத்தில் இடைவெளியாக விடுங்கள். இரண்டிலும் மாதக்கணக்கில் சுரங்கங்கள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டுச் சராசரிகளில் போக்கு எதையும் தேட முடியாது.