விஞ்ஞானிகள் ஏன் அரசியல் பேசுகிறார்கள்? ஆய்வோடு நின்றால் போதாதா?

போதாது. அரசியல் ஆய்வுக்கூடத்துக்குள் தானாகவே வந்துவிடும். நான் மரபியலில் வேலை செய்பவன். சோவியத் ஒன்றியத்தில் எங்கள் துறைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கிருந்த மரபியல் விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ், பல நாடுகளில் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்தவர். அவருக்கு எதிராகக் கிளம்பியவர் வேளாண் ஆய்வாளர் லைசென்கோ. விதையைக் குளிரில் பழக்கினால் அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றார், மரபணுக் கொள்கையையே மறுத்தார். சோதனைகள் அவர் சொன்னதற்கு ஒத்துவரவில்லை. ஆனால் சோவியத் தலைவர் ஸ்டாலினின் ஆதரவு அவருக்கு இருந்தது.

வவிலோவ் 1940இல் கைதானார். 1943இல் சராதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். மக்களின் பசியைத் தீர்க்க விதை தேடியவர்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டபோது, அங்கே அவர் சேர்த்த விதைகளைக் காத்துவந்த சகாக்கள் சிலர், நெல்லும் கடலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அந்த விதைகளைத் தொடாமலே பசியால் செத்தார்கள்.

அப்புறம் 1948 ஆகஸ்டில், மாஸ்கோவில் நடந்த வேளாண் அறிவியல் கழகக் கூட்டத்தில், தன் அறிக்கைக்குக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஒப்புதல் உண்டு என்று லைசென்கோ அறிவித்தார். மரபியல் பாடத்திட்டத்திலிருந்தே போனது. 1960களின் நடுவில்தான் திரும்பியது. அரசியல் பேசாமல் தன் வேலையை மட்டும் பார்த்தவர்களும் அன்று வேலையிழந்தார்கள்.